40 குதிரைத்திறன் எலக்ட்ரிக் பைக் வாங்கப் போகிறேன், வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், பல வருடமாக 350 சிசி பெட்ரோல் வண்டிதான். இப்போது அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 ரீகான் மேல் ஆசை வந்துவிட்டது. 10.3 கிலோவாட் அவர் பேட்டரி, 30 கிலோவாட் மோட்டார், அதாவது சுமார் 40 குதிரைத்திறன், 100 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), எடை 207 கிலோ, மணிக்கு 155 கி.மீ. வரை போகுமாம். கம்பெனிக்காரர்கள் சொல்வது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தினமும் வேலைக்கு, மாதத்தில் ஓரிரு முறை கொல்லிமலை, சில சமயம் பின்னால் மனைவி. தனி வீடு, கீழேதான் நிறுத்துவேன். திருச்சி வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா "தீப்பிடிக்கிற வண்டி வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். புதிதா, ஒரு கை மாறியதா என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை. யூடியூப் பார்த்துச் சொல்பவர்கள் வேண்டாம், ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்:
இதே வண்டிதான் என்னிடம். 155 பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த மாதிரி வண்டியோடு கீழே விழுந்தவர்களை நான் பார்த்த வரையில் எல்லாமே 20 கி.மீ. வேகத்துக்குள்தான்: பார்க்கிங், யூ டர்ன், சிக்னல்.

ஏன் என்றால் பெட்ரோல் வண்டியில் கையில் கிளட்ச் இருக்கிறது, கொஞ்சம் தப்பானாலும் கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் விட்டுவிடும். இதில் பிடிக்க ஒன்றுமில்லை, ஆக்சிலேட்டர் நேராக மோட்டாரோடு பேசுகிறது, நின்ற இடத்திலேயே முழு டார்க்கும் வந்து நிற்கும். குறுகலான தெருவில் வண்டியைத் திருப்பும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஆக்சிலேட்டர் கொடுத்துப் பழகுங்கள், கிளட்ச் செய்த வேலையை இனிமேல் அந்தக் கால் செய்யும். இதைக் காலி மைதானத்தில் எட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டு விட்டால் பாதி பயம் போய்விடும்.

கிளைடு, காம்பாட், பாலிஸ்டிக் என்று மூன்று மோடு. கை பழகுகிற வரை கிளைடு போதும். மழையில் நிச்சயமாக கிளைடுதான். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கினால் திறனைக் குறைக்கும் ஏற்பாடு) இருக்கிறதே என்று நம்பி, நனைந்த வெள்ளைக் கோட்டின் மேலோ மேன்ஹோல் மூடியின் மேலோ முறுக்க வேண்டாம். டயருக்குப் பிடிப்பே இல்லாத இடத்தில் எந்த எலக்ட்ரானிக்ஸும் பிடிப்பை உண்டாக்காது. சென்னைக்குப் போனால் மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் ரோட்டில் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏறும்போது கையை அசைக்கவே கூடாது.

அப்புறம் ரீஜென். ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திருப்பித் தரும். 10 நிலை இருக்கிறது. அதிகபட்சத்தில் வைத்துவிட்டு ஈரத் தரையில் வளைவுக்குள் ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டால், பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டது போலத்தான், வால் ஆடும். மழைக்கு ரீஜெனைக் குறையுங்கள்.

சத்தம் இல்லாததால் வேகமும் தெரியாது. 60 என்று நினைத்துக்கொண்டு 85-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டரைப் பார்த்துதான் ஓட்ட வேண்டும்.

அடையாறு_அலை:
ஓசூர் அண்ணா சொன்னதில் சத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் தெரு நாய்களுக்கு வண்டி வருவதே தெரியாது, நடு ரோட்டில் படுத்திருப்பது பக்கத்தில் போன பிறகுதான் திடுக்கிட்டு எழும், எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. ஃபோன் பேசிக்கொண்டு ரோடு தாண்டுகிறவர்களும் காதை நம்பித்தான் தாண்டுகிறார்கள். நான் நிறுத்தியிருக்கும் பஸ்ஸை ஒட்டி ஓட்டுவதே இல்லை, ஒரு ஆள் இறங்கி வரும் அளவுக்கு இடம் விட்டே போவேன்.

இதைவிட முக்கியம்: வண்டி "ஆன்"-இல் இருப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் வண்டியை ஆன் செய்து, ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு, கேட் திறப்பதற்காகப் பக்கத்தில் நின்றபடி ஹேண்டிலைப் பிடித்திருந்தார். கை தவறி முறுக்கிவிட்டது, வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு தூணில் போய் மோதியது. தோள் எலும்பு விலகிவிட்டது. இறங்கினால் கில் சுவிட்ச் (மோட்டாரை நிறுத்தும் பட்டன்), தள்ளுவதாக இருந்தால் சாவியே ஆஃப். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவி கைக்கு எட்டாத ஆணியில்.

லைன்மேன்_ஓய்வு:
தம்பி, நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பைக் ஓட்டுவது பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்தார்கள். தீ அவர்களைத் தொடவில்லை, கொன்றது புகை. அதனால் முதல் விதி, சார்ஜ் போடும் இடம் ஹாலும் இல்லை, மாடிப்படிக்கு அடியும் இல்லை, வீட்டை விட்டு வெளியே வரும் வழியும் இல்லை. வண்டி எரிந்தாலும் நீங்கள் வேறு பக்கமாக வெளியே போகக்கூடிய இடமாகப் பாருங்கள். போர்ட்டிகோ, பக்கவாட்டு ஷெட் இப்படி.

இப்போது வயரிங்குக்கு வருகிறேன். நான் பார்த்த வீடுகளில் பாதிப் பேர் செய்வது என்னவென்றால், ஹாலில் டிவிக்கு இருக்கிற 5 ஆம்ப் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகி, ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டு, மூன்று பின்னை இரண்டு பின்னாக்குகிற கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டு அதில் சார்ஜரை மாட்டுவது. எர்த் அங்கேயே போச்சு. டீ போட ஐந்து நிமிடம் ஓடுகிற கெட்டிலுக்கு அந்த பாயிண்ட் தாங்கிவிடும். உங்கள் சார்ஜர் விடாமல் பல மணி நேரம் இழுக்கும். சுவிட்ச் போர்டு உள்ளே ஸ்க்ரூ லூசாக இருந்தால் அந்த இடத்தில்தான் சூடு ஏறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் கருகும்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) பாக்ஸிலிருந்து தனியாக ஒரு லைன் இழுங்கள், 4 சதுர மி.மீ. செம்பு வயர், நடுவில் ஜாயிண்ட் இல்லாமல். அதற்குத் தனி எம்சிபி, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). ஆர்சிசிபி வாங்கும்போது "ஏ டைப்" என்று கேட்டு வாங்குங்கள், கடையில் சாதாரணமாகக் கொடுப்பது "ஏசி டைப்", சார்ஜர் மாதிரியான கருவிகளில் கசிவு வேறு மாதிரி வரும், அதை ஏசி டைப் சரியாகப் பிடிக்காமல் போகலாம். நல்ல கம்பெனி 16 ஆம்ப் சாக்கெட், மழைச் சாரல் படாத மூடியோடு. எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் புதைத்த குழி) எத்தனை வருடம் பழையது என்று பாருங்கள், பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவரோடு நின்றுவிடும், மண்ணுக்குள் ஒன்றும் இருக்காது. வயர்மேனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு போட்டுப் பார்த்தால் போதாது, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

காவிரிக்கரை:
ஐயா, மிக்க நன்றி. எங்கள் வீட்டு எர்த் பற்றி இப்போதுதான் எனக்கே சந்தேகம் வருகிறது. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

லைன்மேன்_ஓய்வு:
10.3 யூனிட் பேட்டரி முழுதாக ஏற சார்ஜர் இழப்பு சேர்த்து 11, 12 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கும் வேறு ஸ்லாபுக்கு (கட்டண அடுக்குக்கு) மாறிவிடும். ஏசி ஓடுகிற வீடு, ஏற்கெனவே 450-ல் நிற்கிறது என்றால் வண்டி உங்களைக் கோட்டைத் தாண்ட வைக்கும், பில் பார்த்து அதிர்ச்சியாவீர்கள். முதலில் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

72வோல்ட்_வினோ:
ப்ரோ எதுக்கு நாலு லட்சம்? நான் கோயம்புத்தூர். பழைய கியர் சைக்கிள் ஒன்றில் 72 வோல்ட் 3000 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) கிட் போட்டேன், பேட்டரி ஆன்லைனில், எல்லாம் சேர்த்து அதில் கால்வாசிகூட ஆகவில்லை. 70 அசால்ட்டாகப் போகும். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், போலீஸ் நிறுத்தினால் "சைக்கிள் சார்" அவ்வளவுதான்.

நெல்லை_வக்கீல்:
வினோ தம்பி, அந்த "சைக்கிள் சார்" எல்லாம் ஒரு விபத்து நடக்கிற வரைக்கும்தான்.

மத்திய மோட்டார் வாகன விதி 2(யு)-வில் தெளிவாக இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், இது மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை. ஒன்று தவறினாலும் மோட்டார் வாகனம். அதற்குப் பதிவு, லைசென்ஸ், பச்சை நம்பர் பலகை, 146-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு, 129-ஆம் பிரிவின்படி ஹெல்மெட், எல்லாம் வேண்டும். உங்களுடைய 3000 வாட் வண்டி அந்த வரம்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அதைப் பதிவு செய்யவும் வழியில்லை, ஏனென்றால் அந்த மாதிரிக்கு எந்தச் சோதனைக் கூடத்தின் ஒப்புதலும் கிடையாது.

இப்போது ரோடு தாண்டுகிற ஒரு பெரியவரை இடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையைச் சொல்லும். காப்பீடு இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும், உங்களிடம் இல்லை என்றால் உங்கள் சொத்தின் மேல் வரும். வீட்டை விற்றுக் கட்டிய ஆட்களை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன், அது எலக்ட்ரிக் வழக்கு இல்லை, ஆனால் கதை ஒன்றுதான். இத்தனைக்கும் பிரீமியம் எவ்வளவு தெரியுமா? 2022-ல் அறிவித்த கட்டணப்படி மின் இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 கிலோவாட் வரை வருடத்துக்கு 457 ரூபாய். 16 கிலோவாட்டுக்கு மேல் போனால் 2,383. காவிரிக்கரை சாருடைய வண்டி இந்தக் கடைசி வகையில் வரும்.

இன்னொன்று, இதைப் படிக்கிற பெற்றோருக்கு. பத்தாம் வகுப்புப் பையனுக்கு "லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டர்" என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடமே வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்கிறீர்கள் பாருங்கள், 25-ஐத் தாண்டிய நிமிடம் அது மோட்டார் வாகனம். 199ஏ பிரிவில் குற்றவாளி பையன் மட்டும் இல்லை, நீங்களும்தான். மூன்று வருடம் வரை சிறை, 25,000 அபராதம்.

72வோல்ட்_வினோ:
சட்டம் எல்லாம் சரி சார், 250 வாட்டில் என் எடைக்கு மேம்பாலம்கூட ஏறாது. சட்டத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

பீளமேடு_பட்டறை:
வினோ, சட்டத்தை விடு. நான் பீளமேட்டில் பட்டறை வைத்திருக்கிறேன், உன் மாதிரி வண்டி வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஒன்று கேட்கிறேன், உன் வண்டியில் டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் ஃபிரேமோடு பிடித்து வைக்கும் இரும்புக் கை) போட்டிருக்கிறாயா?

ஹப் மோட்டாரின் அச்சு இரண்டு பக்கமும் தட்டையாக இழைத்திருக்கும், அது ஃபிரேமின் பின் காடிக்குள் உட்காரும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே பலத்தில் அச்சு பின்னால் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தக் காடியின் இரண்டு விளிம்பு மட்டும்தான். மனிதக் கால் மிதிப்பதற்குச் செய்த காடி அது. 3000 வாட் விழ விழ விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக விரியும், அலுமினிய ஃபிரேம் என்றால் விரியக்கூட விரியாது, ஒரு நாள் பிளந்துவிடும். அச்சு ஒரு சுற்று சுற்றியதும் உள்ளிருந்து வருகிற மூன்று ஃபேஸ் வயரும் முறுக்கி அறுந்து ஒன்றோடொன்று ஒட்டும், மோட்டார் அப்படியே இறுகும். சில சமயம் சக்கரமே கழன்று வரும். 70-ல் போகும்போது.

பிரேக்? சைக்கிள் டிஸ்க் பிரேக் 20, 25 கி.மீ.க்கு. 70-லிருந்து ஒரு முறை நிறுத்திவிட்டு ரோட்டரைப் பார், நீலம் பாரித்திருக்கும்.

பேட்டரியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் முடியாது. ஆன்லைன் பேக் ஒன்றை இங்கே பிரித்துப் பார்த்தோம். பழைய லேப்டாப் செல்களை உரித்து, நிக்கல் பட்டைக்குப் பதில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையில் ஸ்பாட் வெல்டு. பிஎம்எஸ் போர்டு (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இருந்தது, ஆனால் வெப்பம் அளக்கிற சென்சார் வயரை எதிலும் ஒட்டாமல் சும்மா மடித்து உள்ளே போட்டிருந்தார்கள். செல் எவ்வளவு சூடானாலும் அந்த போர்டுக்குத் தெரியாது. அதை ராத்திரி கட்டிலுக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுகிறான் ஒரு காலேஜ் பையன்.

72வோல்ட்_வினோ:
டார்க் ஆர்ம் இல்லை அண்ணா. நட்டை நன்றாக டைட் வைத்திருக்கிறேன்.

பீளமேடு_பட்டறை:
நட்டு அச்சைச் சுழலாமல் பிடிக்காது, கழலாமல் மட்டும்தான் பிடிக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வா. ஓட்டிக்கொண்டு வராதே.

காவிரிக்கரை:
வினோவை விடுங்கள், பாவம். என் கேள்விக்கு வருகிறேன். 323 கி.மீ. ரேஞ்ச் என்று போட்டிருக்கிறார்களே, திருச்சியிலிருந்து சென்னை ஒரே சார்ஜில் போகலாமா?

ஓசூர்க்காரன்:
முடியாது. 323 என்பது ஐடிசி (இந்தியன் டிரைவிங் சைக்கிள்) சோதனையில் வந்தது, அது மெதுவான நகர ஓட்டம். நான்கு வழிச் சாலையில் 70, 80-ல் சீராகப் போனால் எனக்கு 200 ஒட்டி வரும். 110-ல் போனால் அதுவும் சரசரவென்று குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதற்கு வேண்டிய திறன் கனத்தில் ஏறுகிறது. 60-ல் காற்றைத் தள்ளச் செலவாகும் திறனைப் போல 120-ல் எட்டு மடங்கு. பெட்ரோல் வண்டியிலும் இதே கணக்குத்தான், டேங்க் நிரப்ப இரண்டு நிமிடம் என்பதால் கண்ணில் படவில்லை. எனவே விழுப்புரத்தில் சாப்பாடும் சார்ஜும் என்று திட்டம் போடுங்கள்.

கிளம்பும் முன்னால் எந்த சார்ஜர், எந்த பிளக் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காருக்கு இருக்கிற சிசிஎஸ்2 பிளக் இருசக்கர வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சென்னைக்காரர்களின் ராப்டீ டி30 பைக் அந்த கார் பிளக்கையே வைத்திருக்கிறது, அது நல்ல யோசனை என்பது என் கருத்து. ஏத்தர் கொண்டுவந்த சின்ன பிளக்கை 2023-ல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) இந்தியத் தரமாகவே ஏற்றது, ஹீரோ விடாவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிளக் என்று இருப்பது எரிச்சல்தான். ஓட்டல் வாட்ச்மேனிடம் கேட்டு 16 ஆம்ப் பாயிண்ட் வாங்குவதும் ஒரு கலை, டீக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

கொல்லிமலை_பக்கம்:
கொல்லிமலை என்றதும் வந்துவிட்டேன். காரவள்ளி வழி 70 கொண்டை ஊசி. ஏறுவதற்கு இந்த மாதிரி வண்டி சொர்க்கம், கியர் மாற்ற வேண்டியதில்லை, எந்த வளைவிலும் திணறாது. ஏறும்போது பேட்டரி சரியும், பயப்பட வேண்டாம்.

சிக்கல் இறக்கத்தில். பலர் மலை மேலே செம்மேட்டில் அறை எடுத்து, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 ஆக்கிவிட்டுக் காலையில் இறங்குவார்கள். பேட்டரி நிரம்பியிருக்கும்போது ரீஜென் வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகச் செய்யும், ஏனென்றால் திருப்பி வருகிற கரண்டை வைக்க இடமில்லை. நேற்று ஏறும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக மெதுவானது, அந்தப் பழக்கத்தில் இன்று முதல் வளைவில் ஆக்சிலேட்டரை விடுகிறீர்கள், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கியரும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. 207 கிலோ, மேலே இரண்டு பேர், 70 வளைவுக்கும் கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் மட்டும். பாதி வழியில் பிரேக் சூடாகி மெத்தென்று ஆகிவிடும்.

மலை மேல் இருக்கும்போது 80 சதவீதத்தைத் தாண்டி சார்ஜ் ஏற்றாதீர்கள், கீழே வர எப்படியும் பேட்டரி தேவையில்லை, கீழே வந்து பார்த்தால் ஏறியே இருக்கும். முதல் வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே ஒரு முறை ஆக்சிலேட்டரை விட்டு ரீஜென் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்குகிறவர்களுக்கும், வால்பாறையிலிருந்து ஆழியார் இறங்குகிறவர்களுக்கும் இதேதான்.

அடையாறு_அலை:
இது எனக்குத் தெரியவே தெரியாது! மேனுவலில் எங்கோ ஒரு வரி இருக்கும் போல.

பிரேக் பற்றி எங்கள் கடற்கரைப் பக்கத்துத் தொல்லை ஒன்று. ரீஜென்னே பாதி வேலை பார்த்துவிடுவதால் பிரேக்கைத் தொடுவதே குறைவு. தொடாத டிஸ்க்கில் உப்புக் காற்று பட்டுத் துரு பிடிக்கிறது, காலிபர் பின் இறுகிக்கொள்கிறது, அவசரத்துக்குப் பிடித்தால் கரகரவென்கிறது. வாரத்தில் ஒரு நாள் ரீஜெனைக் குறைத்துவிட்டு பிரேக்கால் மட்டுமே நிறுத்தி ஓட்டுகிறேன். டிஸ்க் பளபளவென்று ஆகிவிடும்.

பீளமேடு_பட்டறை:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. "எலக்ட்ரிக்தானே, பராமரிப்பே கிடையாது" என்று விற்கும்போது சொல்லிவிடுகிறார்கள். இன்ஜின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, ஏர் ஃபில்டர் இல்லை, உண்மை. மற்றதெல்லாம் இருக்கிறது, செயினும் பின் டயரும் பெட்ரோல் வண்டியைவிடக் கடுமையாகவே தேய்கின்றன.

செயினைப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) பல்லின் ஒரு முகம்தான் அதிகம் தேயும். ரீஜென் வண்டியில் இழுக்கும்போது ஒரு முகம், ரீஜென் பிடிக்கும்போது மறு முகம், இரண்டும் தேயும். செயின் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை விடும்போதும் கொடுக்கும்போதும் "டக்" என்று அடி விழும், இன்ஜின் சத்தம் இல்லாததால் உங்களுக்கே கேட்கும், கேட்டால் உடனே பாருங்கள். 500 கி.மீ.க்கு ஒரு முறை சுத்தம் செய்து செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஓ ரிங் போய்விடும். செயினைத் துடைக்கும்போது சாவி ஆஃபில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். மோட்டாரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்து விரலை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பின் டயர் சீக்கிரம் போகும், எடையும் டார்க்கும் அப்படி. காற்று வாரம் ஒரு முறை, வண்டி சூடாவதற்கு முன்னால். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றுங்கள், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது ஈரம் குடிக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் துப்பாக்கியை மோட்டார், கனெக்டர், சார்ஜிங் மூடி பக்கம் காட்ட விடாதீர்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. பக்கத்தில் வைத்து அடிக்கிற ஜெட்டுக்கு அது பதில் இல்லை.

ஷார்ஜா_புதுக்கோட்டை:
அண்ணன்மார்களே, நான் ஷார்ஜாவில் வேலை. வண்டி புதுக்கோட்டையில், வருடத்தில் ஒரு மாதம்தான் ஓட்டுவேன். தம்பி "ஃபுல் சார்ஜ் போட்டு மூடி வைத்துவிட்டேன்" என்கிறான். சரிதானே?

ஓசூர்க்காரன்:
சரியில்லை. லித்தியம் செல்லுக்குப் பிடிக்காதது இரண்டு: நிரம்பிய நிலையும் வெயிலும். புதுக்கோட்டை மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் 100 சதவீதத்தில் கிடந்தால் ஓடாமலேயே கிழடாகும். தம்பியிடம் சொல்லி 50, 60 சதவீதத்துக்கு ஓட்டிக் குறைக்கச் சொல்லுங்கள், நிழலில் வைக்கட்டும், மாதம் ஒரு முறை பார்த்து 30-க்குக் கீழ் போயிருந்தால் மறுபடி 60 ஆக்கட்டும். 0-வில் மாதக் கணக்கில் கிடந்தால் அதைவிட மோசம், பிஎம்எஸ்ஸே எழுந்திருக்காது.

இன்னொரு சமாச்சாரம், வண்டிகளில் தனியாகச் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருப்பது உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் 60 இருந்தாலும் வண்டி பிணம்தான், உள்ளே பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே (மின் சுவிட்ச்) மூடுவதற்கே அந்த 12 வோல்ட் வேண்டும். பேட்டரியே போச்சு என்று பதறிப் பெரிய செலவு செய்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

தினசரி ஓட்டுகிறவர்களுக்கு: வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே சார்ஜ் போடாதீர்கள், அரை மணி, முக்கால் மணி ஆறட்டும். அன்றாடம் 80 போதும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் செல்கள் சமன் ஆகும், மீட்டரும் சரியாகக் காட்டும்.

காவிரிக்கரை:
ஒரு கை மாறிய வண்டி ஒன்று சேலத்தில் நல்ல விலைக்கு இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

பீளமேடு_பட்டறை:
கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள், குறைவாக ஓடிய வண்டி வருடக் கணக்கில் ஃபுல் சார்ஜில் வெயிலில் நின்றிருக்கலாம். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், விற்கிறவர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். பேட்டரி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி பெட்டியின் அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள், கல் அடித்த நசுங்கல், திறந்த ஸ்க்ரூ தடம் இருந்தால் வேண்டாம். சார்ஜிங் பின்னில் கருப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதற்குக் கனெக்டர் உள்ளே பச்சை பூத்திருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை வண்டிகள் பல வெளியூர்களுக்கு வந்தன, அதனால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பழைய முகவரியைப் பாருங்கள்.

நெல்லை_வக்கீல்:
கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கருவியை) மாற்றியது, வேகத்தைக் கூட்டியது இப்படி ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். 52-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாத மாற்றம், காப்பீட்டுக் கம்பெனி அதைக் காட்டியே தகராறு செய்யும்.

காவிரிக்கரை:
அப்பாவுக்கு நான் என்ன சொல்வது? தீ உண்மையில் பிடித்தால்?

அடையாறு_அலை:
2022 தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியை இறுக்கினார்கள், முதல் கட்டம் அந்த டிசம்பரிலேயே, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-லிருந்து. ஒரு செல் எரிந்தால் அது மற்றதற்குப் பரவி வண்டிக்கு வெளியே தீ வருவதற்கு முன்னால் எச்சரிக்க வேண்டும், செல்லுக்குச் சான்று வேண்டும், இப்படி நிறைய. அதனால் அதற்கு அப்புறம் தயாரான வண்டியாகப் பாருங்கள், அப்பாவிடம் அதையே சொல்லுங்கள்.

பிடித்தால் வீரம் காட்ட வேண்டாம். இனிப்பு கலந்த கரைப்பான் நெடி, சீறுகிற சத்தம், வெள்ளைப் புகை, இதில் எது வந்தாலும் பக்கத்தில் போகாமல் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 101 அல்லது 112. வீட்டிலிருக்கும் சின்ன அணைப்பான் மேல் தீயைத்தான் அணைக்கும், உள்ளே செல் தன் சூட்டிலேயே திரும்பவும் எரியும். நிறையத் தண்ணீர் கொட்டிக் குளிர வைப்பது தீயணைப்புத் துறையின் வேலை.

காவிரிக்கரை:
முடிவு: புது வண்டி, ஆனால் முதலில் வயரிங். சனிக்கிழமை வயர்மேன் வருகிறார். லைன்மேன் ஐயா, எம்சிபி எத்தனை ஆம்ப் வாங்கச் சொல்லட்டும்? அவர் "32 போடுங்க, டிரிப்பே ஆகாது" என்கிறார்.

லைன்மேன்_ஓய்வு:
டிரிப் ஆகாமல் இருப்பதற்கா தம்பி எம்சிபி போடுகிறோம்? சாக்கெட் 16 ஆம்ப், அப்போது எம்சிபியும் 16-தான், சி கர்வ் வகை என்று கேளுங்கள். 32 போட்டால் சாக்கெட் உருகிய பிறகும் எம்சிபி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வயர்மேனிடம் எர்த் டெஸ்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே ஃபோனில் கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஆர்சிசிபியில் டி என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், ஆர்சிசிபி சுவிட்ச் கீழே விழ வேண்டும்.

72வோல்ட்_வினோ:
பட்டறை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? டெம்போவில் ஏற்றி வருகிறேன்.

பீளமேடு_பட்டறை:
மதியம் வரை உண்டு. பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொண்டு வா, வண்டியோடு சேர்த்து ஏற்றாதே.